என் பாதி ஓடுதளம்

தென்னங்கன்றுகள் என்னை நோக்கி ஓடி வருகின்றன, முழங்கால் உயரம்கூட இல்லை, ஒவ்வொன்றிலும் மூன்றோ நான்கோ ஓலை, மேற்கிலிருந்து அடிக்கிற காற்றில் எல்லாம் என் பக்கமாகவே சாய்ந்து, வராதே வராதே என்று கை ஆட்டுகிற மாதிரி, வால்சக்கரம் எப்போதோ எழும்பிவிட்டது, வலது சக்கரம் ஒரு மேட்டில் தட்டித் துள்ளி மறுபடி தரையில் விழுகிறது, இடது விழவில்லை, த்ராட்டிலை இதற்கு மேல் தள்ள இடமில்லை, வேகமுள் ஐம்பத்தைந்துக்கும் அறுபதுக்கும் நடுவில் நடுங்குகிறது, முதல் கன்றுக்கு இன்னும் நாற்பதடி, முப்பதடி, நான் ஸ்டிக்கை இழுக்கவில்லை, அவசரப்பட்டு இழுத்தால் எழும்பும், எழும்பிய வேகத்தில் உட்காரும், பொறு, பொறு என்று யாரோ சொல்கிறார்கள், என் குரல்தான், தலைக்கவசத்துக்குள் எனக்கே அந்நியமாகக் கேட்கிறது, பிறகு தரையின் கடகடப்பு சட்டென்று நின்றுபோக, கன்றுகள் என் காலுக்குக் கீழே போய்க்கொண்டிருக்கின்றன, மூன்று வரிசை, எழுபத்தெட்டுக் கன்று, எண்ணி வைத்திருக்கிறேன், என் அண்ணன் சென்னியப்பன் ஆள் வைத்து நட்டவை, தேங்காய்க்காக நட்டவை அல்ல, இந்த விமானம் இனி ஒருபோதும் எழும்பக்கூடாது என்பதற்காக நட்டவை.

இதைக் கட்டிய கை என்னுடையது, கனவு அண்ணனுடையது, அதை நான் மறுத்ததேயில்லை, சூலூர்ப் பக்கமிருந்து வானத்தில் போகிற ராணுவ விமானங்களைப் பார்த்துப் பார்த்து அவருக்கு வந்த ஆசை, நாற்பத்தைந்து வயதில், ஐம்பது தறி ஓடுகிற குடோனுக்கு முதலாளியான பிறகு, வெளிநாட்டிலிருந்து வரைபடத்தை வரவழைத்தார், அலுமினியக் குழாயும் துணியும், இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரலாம், இரண்டு சிலிண்டர் இஞ்சின், வரைபடத்தை என் கடைக்குக் கொண்டுவந்து மேசையில் விரித்தபோது நான் ஒரு கிணற்று மோட்டாருக்குக் காயில் சுற்றிக்கொண்டிருக்கிறேன், பல்லடம் கடைவீதியில் மோட்டார் ரீவைண்டிங் கடை, கல்யாணம் ஒத்துவராமல் திரும்பி வந்த பிறகு நானே தொடங்கியது, அம்மிணி, இதை உன்னால பண்ண முடியுமா என்று கேட்கிறார், நான் சுற்றுக் கணக்கை விட்டுவிடக்கூடாதே என்று நூற்றி நாற்பதை முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தேன், படிக்கோணுமுங்கண்ணா, படிச்சுட்டுச் சொல்றேனுங்க என்றேன், படித்தேன், இரண்டு வருஷம் கட்டினோம், கட்டினோம் என்று சொல்வது பழக்கதோஷம், அவர் வந்து பார்ப்பார், டீ வாங்கி வரச் சொல்வார், ஒரு போல்ட்டை முடுக்கிவிட்டு அவசரமாகப் போய்விடுவார், அதை நான் தளர்த்தி, சரியான அழுத்தத்துக்கு மறுபடி முடுக்கி, கம்பி கட்டி, மேலே சிவப்புப் பெயிண்டில் ஒரு கோடு இழுப்பேன், கோடு விலகியிருந்தால் நட்டு நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம், இறக்கைக்குத் துணியை ஒட்டி இஸ்திரிப் பெட்டியால் தேய்க்கத் தேய்க்க அது சுருங்கி மேளத்தோல் மாதிரி விறைக்கும், விரலால் சுண்டினால் அடி வயிற்றில் கேட்கும், அந்தச் சத்தத்துக்காகவே வேலை முடிந்த பிறகும் சுண்டிக்கொண்டு நின்றிருக்கிறேன். அண்ணன் பயிற்சிக்குப் போய் உரிமம் வாங்கி வந்தார், அவர் பறந்தார், நான் பராமரித்தேன், எங்கள் மேட்டுக்காட்டை உழாமல் விட்டு, கிழக்கு மேற்காக நானூற்றைம்பது மீட்டர் சமன்படுத்தி உருட்டி வைத்தோம், சுற்றிலும் காற்றாலைகள், அவை எந்தப் பக்கம் முகத்தைத் திருப்பியிருக்கின்றனவோ அந்தப் பக்கம்தான் காற்று, ஆனியில் ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று மனுஷனையே தூக்கும், மூன்று வருஷம் ஒரு கீறல் இல்லை, நாளிதழில் படம் வந்தது, விமானம் செய்த விசைத்தறி அதிபர் என்று, படத்தின் ஓரத்தில் ஒரு கை தெரியும், ஸ்பேனர் பிடித்த கை, அது நான்.

அந்த நாளை நான் எத்தனை முறை ஓட்டிப் பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும் நான் அன்றைக்குக் கடைக்குப் போகாமல் இருந்துவிடலாம் என்றுதான் தோன்றுகிறது, ஆனால் போகத்தான் போகிறேன், முந்தின நாள் மழை, பெட்ரோல் கேனின் மூடி சரியாக இறுகாமல் கொட்டகை ஓரத்தில் நனைந்துவிட்டது, அதிலிருந்துதான் டேங்கை நிரப்பியிருந்தார்கள், டேங்கின் அடியில் ஒரு சின்னத் திருகு இருக்கும், அதைத் திறந்து கண்ணாடிக் குப்பியில் கொஞ்சம் பிடித்து வெயிலில் தூக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும், பெட்ரோல் மேலே, தண்ணீர் இருந்தால் அடியில் தனியாக உருண்டு நிற்கும், இல்லை என்று ஆகிறவரை வடித்துக்கொண்டே இருக்க வேண்டும், அன்றைக்குத் திருகில் கசிவு, நான் அதை இறுக்கி வைத்துவிட்டு, புதிய வாஷர் கடையில் இருக்குதுங்க, எடுத்துட்டு ஒம்பதரைக்குள்ள வந்துருவேன், வந்துதான் வடிச்சுப் பாக்கோணும், அதுவரைக்கும் தொடாதீங்கண்ணா என்று சொல்லி, புரொப்பெல்லரில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டினேன், அது எங்களுக்குள் உள்ள வழக்கம், துணி இருந்தால் பறக்கக்கூடாது, அவிழ்க்கிற உரிமை கட்டினவளுக்கு மட்டும். அண்ணன் சரி என்றார், அண்ணன் மனைவி தெய்வாத்தாள், நான் நங்கை என்று கூப்பிடுகிறவர், கொட்டகை வாசலில் சொம்போடு நின்றுகொண்டிருந்தார், எல்லாவற்றையும் கேட்டார். ஒன்பது மணிக்கு அவர்கள் மகளைப் பெண் பார்த்துப் போயிருந்த வீட்டு ஆட்கள் வந்துவிட்டார்கள், எதிர்பார்க்கவில்லை, வந்த சம்பந்தி விமானத்தைப் பார்த்து, இது நிசமாலுமே பறக்குமுங்களா என்று கேட்டிருக்கிறார், அவ்வளவுதான், அந்த ஒரு கேள்விதான். நான் மொபெட்டில் திரும்பி வருகிறபோது ரோட்டிலிருந்தே பார்க்கிறேன், வெள்ளை இறக்கை மேலே இருக்கிறது, என் மேல் கோபம் வருகிறது, அவர் மேல் வருகிறது, பிறகு இஞ்சின் இருமுகிறது, ஒரு தரம், மறுபடி ஒரு தரம், பிறகு சத்தமே இல்லை, நேரா போங்க, நேரா போங்கண்ணா என்று நான் ரோட்டில் நின்று கத்துகிறேன், எதிரே கண்ணுக்கெட்டியமட்டும் சோளக்காடு, மூக்கைத் தாழ்த்தி நேரே போயிருந்தால் சோளத்தட்டு முறியும், அவ்வளவுதான், ஆனால் அவர் திரும்புகிறார், சம்பந்தி நிற்கிற பக்கம், ஓடுதளத்தின் பக்கம், அவ்வளவு தாழ்வில் திரும்பக்கூடாது, உள்பக்கத்து இறக்கை காற்றை விட்டுவிட்டது, அது விழுந்ததை நான் சொல்லப்போவதில்லை.

அண்ணன் பிழைத்தார், இடுப்புக்குக் கீழே பாதிதான் பிழைத்தது, கோவை ஆஸ்பத்திரியில் நான்கு மாதம். அவரை வண்டியில் ஏற்றி அனுப்பியதும் நான் உடைந்த இஞ்சினிடம் போய்க் கார்புரேட்டரின் கிண்ணத்தைக் கழற்றினேன், உள்ளே முக்கால்வாசி தண்ணீர், குப்பியில் ஊற்றி மூடினேன், இரண்டு நாள் கழித்து விமானத் துறையிலிருந்து ஆய்வாளர் வந்தார், சாலமன் என்று பெயர், நிதானமான மனிதர், குப்பியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, அம்மா, இது அந்தக் கிண்ணத்திலிருந்துதான் எடுத்ததுன்னு எனக்கு எப்படிம்மா தெரியும், நீங்க எனக்கு முன்னாடி தொட்டிருக்கக் கூடாது என்றார், அவர் சொன்னது நியாயம், துணி கட்டியிருந்தேனுங்க சார், எங்க நங்கை பார்த்தாங்க, கேளுங்க என்றேன், கேட்டார். நங்கை முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டே, நானெதுவும் பாக்கலீங்க என்றார், என் முகத்தைப் பார்க்காமல். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அண்ணன் சொன்னதையும் எழுதிக்கொண்டார்கள், பராமரிப்பெல்லாம் தங்கச்சிதான், எல்லாம் சரியா இருக்குதுன்னு சொன்னா, நம்பி ஏறினேன். அறிக்கையில் ஒரு வரி, பராமரிப்புக் குறைபாடு, அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு ஊர் மீதியை எழுதிக்கொண்டது, கூடப்பிறந்தவனைக் கீழே தள்ளினவள், பொம்பளை முடுக்கின நட்டு, மூன்று மாதம் என் கடைக்கு ஒரு மோட்டார் வரவில்லை, வந்த ஒருவரும் வாசலிலேயே நின்று, நீங்க பாக்கறீங்களா, வேற ஆள் யாராச்சும் இருக்காங்களா என்று கேட்டார், நான்தான் பார்ப்பேன், இஷ்டம் இருந்தால் இறக்குங்க, இல்லாட்டிப் போங்க என்றேன், இறக்கிவிட்டுத்தான் போனார். அண்ணனை வீட்டுக்குக் கூட்டி வந்த அன்று பார்க்கப் போனேன், கட்டிலின் காலடியில் நின்று, துணியை அவுத்தது யாருங்கண்ணா என்று அது ஒன்றை மட்டும் கேட்டேன், அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு, அந்தச் சனியனை ஆக்கருக்குப் போடச் சொல்லியிருக்கேன், நாளைக்கு வண்டி வருது என்றார்.

பழைய இரும்புக்கு எடுக்கிற அந்த ஆக்கர் வண்டி வருவதற்கு முன்னால் நான் டெம்போ கொண்டு போனேன், தடுத்தவர்களிடம் இது என் கையால் ஆனது என்று மட்டும் சொன்னேன், இறக்கையைத் துண்டு துண்டாக ஏற்றி, கடை மாடியில் தகரம் வேய்ந்து அடுக்கினேன், நான்கு வருஷம், பகலில் மோட்டார், சாயங்காலம் இது, வளைந்த குழாயை நிமிர்த்தக்கூடாது, நிமிர்ந்த மாதிரிதான் தெரியும், உள்ளே விரிசல் நினைவு வைத்திருக்கும், வளைந்தது எல்லாவற்றையும் கழித்துப் புதிது போட்டேன், இஞ்சினைப் பிரித்து ஒவ்வொரு பேரிங்காக விரலில் சுழற்றிக் காதில் வைத்துக் கேட்டேன், செய்தது ஒவ்வொன்றையும் தேதி போட்டு நோட்டில் எழுதிக் கீழே என் முழுப்பெயரைக் கையெழுத்திட்டேன், இனி என் வேலைக்கு வேறொருவர் வாயிலிருந்து சாட்சி வரவேண்டியதில்லை. இடையில் பெங்களூருக்கு வடக்கே ஒரு பயிற்சித் திடலுக்குப் போய் ஓட்டவும் கற்றுக்கொண்டேன், நாற்பத்தாறு வயது, என்னோடு சேர்ந்தவர்கள் எல்லாம் என் பாதி வயது, பயிற்சியாளர் முதல் நாளே, மேடம் எதுக்கு இது என்று கேட்டார், பராமரிக்கிறவள் ஓட்டியும் காட்டவேண்டியிருக்கிறது என்றேன், அவருக்குப் புரியவில்லை, புரியவைக்க நான் அங்கே போகவில்லை. சாலமன் சாரே வந்து விமானத்தைப் பார்த்தார், முழு நாள் பார்த்தார், நோட்டைப் புரட்டினார், பறக்க அனுமதி எழுதிக் கொடுத்துவிட்டு, எங்கேம்மா பறப்பீங்க என்று கேட்டார். எங்கே பறப்பது, அண்ணன் அதற்குள் கன்று நட்டுவிட்டிருந்தார், ஓடுதளத்தின் மேற்குப் பாதி முழுக்க. நான் அப்பாவின் பத்திரத்தை எடுத்துக்கொண்டு போனேன், காட்டில் கிழக்குப் பாதி என் பெயரில் இருக்கிறது, அப்பா எழுதிவைத்தது, இத்தனை வருஷம் நான் கேட்டதில்லை, இப்போது கேட்டேன். அண்ணன் வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார், எடுத்துக்கோ, இருநூத்தி இருவத்தஞ்சு மீட்டர்ல எதை ஓட்டுவே என்றார். காத்து இருக்குதுங்கண்ணா என்றேன். எதிர்க்காற்று பலமாக இருந்தால் ஓட வேண்டிய தூரம் குறையும், அது அவருக்கும் தெரியும், பறந்தவர்தானே, அவர் முகம் மாறியதைப் பார்த்தேன், அம்மிணி, செத்துப்போயிருவே என்றார், அந்தக் குரலில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது, அது என்னை ஒரு நொடி நிறுத்தியது, ஒரு நொடிதான்.

அப்புறம் இந்தக் காலை, இறக்கையைக் கழற்றிக் கொண்டுவந்து காட்டுக் கொட்டகையில் மறுபடி மாட்டியாயிற்று, காற்றாலைகள் எல்லாம் மேற்கே பார்த்து வேகமாகச் சுற்றுகின்றன, குப்பியில் மூன்று முறை வடித்துப் பார்த்தேன், தெளிவு, மூன்றாவது முறை தேவையே இல்லை, இருந்தும் வடித்தேன், இப்போது கன்றுகள் எனக்குப் பின்னால் போய்விட்டன, நூறடி, நூற்றைம்பது, அண்ணன் விழுந்த உயரம் இதுதான், இஞ்சின் சத்தத்தில் ஒரு பிசிறு இல்லை, நின்றால் நேரே, நின்றால் நேரே என்று சொல்லிக்கொண்டே ஏறுகிறேன், அது நிற்கவில்லை, நான் பார்த்த வேலை, எப்படி நிற்கும், ஐந்நூறு அடியில் இடப்பக்கம் திரும்பினேன், குடோனின் நீளக் கூரை, அதன் வாசலில் வேலையை விட்டுவிட்டு வெளியே வந்து நிற்கிற தறிக்காரர்கள், வெயிலில் கண்ணுக்கு மேல் கை வைத்திருக்கிறார்கள், வீட்டு வாசலில் வாக்கரின் அலுமினியம் ஒரு தரம் பளிச்சென்றது, அதைத் தாண்டி நூல் மாதிரி வாய்க்கால், கோழிப்பண்ணைகள், நான் அழுவேன் என்று நினைத்திருந்தேன், அழவில்லை, பசித்தது, அவ்வளவு பசி, விடிந்ததிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்று அப்போதுதான் நினைவு வந்தது. மூன்று சுற்று சுற்றி, கன்றுகளுக்கு மேலாகவே தாழ்ந்து வந்து என் பாதியில் இறங்கி என் பாதியிலேயே நின்றேன், இஞ்சினை அணைத்து இறங்கினபோது கொட்டகையில் நங்கை நின்றுகொண்டிருந்தார், நான்கு வருஷமாக என்னிடம் ஒரு வார்த்தை பேசாதவர், கையில் ஒரு தூக்குப்போசி, சாப்பிட்டிருக்க மாட்டே என்றார். நான் வாங்கவில்லை, நீங்க பாத்தீங்கல்ல நங்கை என்றேன், எதை என்று அவர் கேட்கவில்லை, போசியைக் கீழே வைத்துவிட்டு, துணியை அவுத்து எங்கையிலதான் குடுத்தாரு, உள்ள வைன்னாரு, வெச்சேன், ஆஸ்பத்திரில உசுருக்கு இழுத்துக்கிட்டுக் கெடக்கற மனுசனை எப்படி அம்மிணி நான் காட்டிக்குடுக்கறது என்றார். அவரு நடக்க ஆரம்பிச்சு மூணு வருஷம் ஆச்சுங்களே என்றேன். எனக்கு இரக்கம் இல்லை, அன்றைக்கு இல்லை, போசி அங்கேயே இருந்தது, நான் கடையைத் திறக்கப் போய்விட்டேன்.

நங்கை எழுதுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை, ஐந்தாவது வரை படித்தவர், ஒரு முழுத்தாளில் சாலமன் சாருக்குத் தன் கையெழுத்தில் எழுதியிருக்கிறார், சிவப்புத் துணி கட்டியிருந்தது, என் வீட்டுக்காரர் அவிழ்த்தார், நான் பார்த்தேன், அன்றைக்குப் பொய் சொன்னேன், அதற்கு என்ன தண்டனையோ கொடுங்கள், இவ்வளவுதான், அந்தத் துணியையும் மடித்து உள்ளே வைத்து அனுப்பியிருக்கிறார். சாலமன் சார் மறுபடி வந்தார், அண்ணனிடம் தனியாக ஒரு மணி நேரம் பேசினார், என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது, ஒரு மாதம் கழித்துத் திருத்தப்பட்ட அறிக்கை வந்தது, எரிபொருளில் நீர் கலப்பு, பராமரிப்பாளரின் தடையை மீறிப் புறப்பாடு, அதை நகலெடுத்துக் கடைக் கண்ணாடியில் வெளியே தெரிகிற மாதிரி ஒட்டினேன், சொந்த அண்ணனை இப்படி ஊருக்கு முன்னால் என்று சிலர் வந்து சொன்னார்கள், முந்தின அறிக்கையை ஊருக்கு முன்னால் படித்தவர்கள் இதையும் படிக்கட்டும் என்றேன், மழையில் நைந்தபோது புதிதாக இன்னொன்று ஒட்டினேன். அண்ணன் தீபாவளி கழித்து ஆட்டோவில் கடைக்கு வந்தார், இறங்கவில்லை, கண்ணாடியில் ஒட்டியிருந்ததை ஆட்டோவில் இருந்தபடியே கடைசி வரி வரைக்கும் படித்தார், பிறகு என்னைப் பார்க்காமல், அதை வடிச்சுப் பாக்கறதுக்கு ஒரு அஞ்சு நிமிஷம் ஆயிருக்கும் என்றார். ரெண்டு நிமிஷந்தானுங்கண்ணா என்றேன். தலையை ஆட்டினார், ஆமா, ரெண்டு நிமிஷம் என்றார், மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் வரவில்லை, வராது, நானும் அதை எடுத்துக் கொடுக்கவில்லை, டீ சொல்லட்டுங்களா என்று கேட்டேன், சொல்லு என்றார், குடித்துவிட்டுப் போனார்.

தை பிறந்து, பங்குனி போய், மறுபடி மேல்காற்று கிளம்பின ஒரு காலை நான் காட்டுக்குப் போகிறேன், மேற்குப் பாதியில் நங்கை குனிந்து நிற்கிறார், சேலையை இடுப்பில் செருகி, கையில் கடப்பாரை, ஐம்பதைத் தாண்டினவர், வரப்போரம் பிடுங்கிய கன்றுகள் வேர் மண்ணோடு வரிசையாக அடுக்கியிருக்கின்றன, குழிகளை மூடி மிதித்துக்கொண்டிருக்கிறார், நாலு நாளா பண்றேன், வாய்க்காலோரம் நட்டுக்கலாம் என்கிறார், அண்ணன் கிட்டக் கேட்டீங்களா என்றால், எதுக்குக் கேக்கோணும், காட்டுல எனக்குப் பங்கில்லையா என்கிறார், என்னைப் பார்த்துத்தான் அந்தப் பேச்சைக் கற்றிருக்க வேண்டும், மண் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு கொட்டகைப் பக்கம் பார்க்கிறார், முழுசா இருந்தா ரெண்டு பேரு போலாமா அம்மிணி. நான் காற்றாலைகளைப் பார்த்தேன், அவர் உடம்பைப் பார்த்தேன், மனதுக்குள் எடையைக் கூட்டினேன், அந்தப் பழைய கோபத்தையும் தேடிப் பார்த்தேன், இருந்தது, போய்விடவில்லை, ஆனால் அது இருந்தபடியே இன்னொருவருக்கும் இடமிருந்தது, எடை போட்டுட்டுத்தான் சொல்லுவேன் என்றேன், போட்டேன், சரியாக இருந்தது, குழி மூடின இடங்களை உருளை விட்டு இறுக்க இரண்டு வாரம் ஆயிற்று, மறுபடி நானூற்றைம்பது மீட்டர். பெல்ட்டை நான்தான் இழுத்துக் கட்டினேன், அவருடைய சேலை முந்தானையை நான்கு ஊசி குத்தி அடக்கினேன், எதையும் தொடக்கூடாது, மிதியில் கால் படக்கூடாது என்று சொன்னேன், தலையாட்டினார், தறிச் சத்தத்துக்குள்ளயே முப்பது வருஷம் இருந்தவளுக்கு இது ஒரு சத்தமா என்றவர், இஞ்சின் கிளம்பியதும் என் தோளைப் பிடித்துக்கொண்டார், மண் ஓடுகிறது, வெறும் மண், பிறகு மண்ணும் இல்லை, நங்கையின் விரல் தோளில் அழுந்துகிறது, ஐந்நூறு அடியில் மட்டமாக்கி இஞ்சினைத் தணித்தேன், திரும்பிப் பார்க்காமலே, கண்ணைத் தொறங்க நங்கை, ஒண்ணுமில்ல என்றேன், காதுக்குள் அவர் குரல் சின்னதாக, ஆனால் திடமாகக் கேட்கிறது, நான் மூடவே இல்ல அம்மிணி, நீ இன்னும் மேல போ.